ஒரே வாக்குச்சீட்டு, இரு வேறு தீர்ப்புகள்: மிசூரி மாநில வாக்காளரை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி: கீழமாசி வீதி

அமெரிக்க அரசியலைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை அந்நாட்டைச் சிவப்பு மாநிலங்கள் (குடியரசுக் கட்சி), நீல மாநிலங்கள் (ஜனநாயகக் கட்சி) என்று இரு கூறாக்கி, ஒவ்வொரு கூற்றிலும் உள்ளவர்கள் எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே விடையை வைத்திருப்பவர்கள் போலக் காட்டுகின்றன. 2024 நவம்பர் 5 அன்று மிசூரி மாநிலத்தில் நடந்த வாக்குப்பதிவின் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தச் சித்திரம் பொருந்தவில்லை.

அன்று அங்கே டொனால்ட் டிரம்ப் 58 விழுக்காட்டுக்கு மேல் வாக்குகள் பெற்றார். கமலா ஹாரிஸ் பெற்றது ஏறக்குறைய 40 விழுக்காடு. செனட் உறுப்பினராக ஜோஷ் ஹாலி எளிதில் மீண்டும் வென்றார். ஆளுநர் பதவியும், மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் குடியரசுக் கட்சியிடமே தொடர்ந்தன. ஆனால் அதே சீட்டில், அதே மக்கள், கருக்கலைப்பு உரிமையை மாநில அரசமைப்பில் சேர்க்கும் திருத்தத்தை 51.6 விழுக்காட்டு ஆதரவுடன் நிறைவேற்றினார்கள். குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 15 டாலராக உயர்த்தி, சம்பளத்துடன் கூடிய நோய்விடுப்பைக் கட்டாயமாக்கும் முன்மொழிவுக்கு ஏறக்குறைய 58 விழுக்காட்டினர் ஆதரவளித்தார்கள். இவ்விரண்டையும் அவர்கள் தேர்ந்தெடுத்த கட்சியின் தலைவர்கள் எதிர்த்திருந்தார்கள்.

இது ஒரு பக்கத்துக்கு மட்டும் உரிய விந்தை அன்று. அதே நாளில் கலிபோர்னியா ஹாரிஸுக்கு 58 விழுக்காடு அளித்தது. ஆனால் திருட்டுக்கும் போதைப்பொருள் குற்றங்களுக்கும் தண்டனையைக் கடுமையாக்கும் 36ஆம் முன்மொழிவை, ஜனநாயகக் கட்சி ஆளுநர் கேவின் நியூசம் எதிர்த்தும், ஏறக்குறைய 68 விழுக்காட்டினர் ஏற்றார்கள். வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டை விரிவுபடுத்தும் முன்மொழிவு அங்கே தோற்றது. குறைந்தபட்ச ஊதியத்தை 18 டாலராக்கும் முன்மொழிவும் சிறு வேறுபாட்டில் தோற்றது.

என் ஐயங்கள் இரண்டு. கொள்கைகளில் இவ்வளவு கலந்து நிற்கும் மக்கள், கட்சி என்று வரும்போது மட்டும் ஏன் இத்தனை இறுக்கமாகப் பிரிந்து நிற்கிறார்கள்? இப்படி இரு தீர்ப்புகள் முரண்படும்போது, எதை மக்களின் விருப்பமாக எடுத்துக்கொள்வது? எந்தக் கட்சியையும் தூற்றுவதற்காகக் கேட்கவில்லை. இரு தரப்பின் நியாயங்களையும் எடுத்துரைக்கும் பதில்களை எதிர்பார்க்கிறேன்.

---

பதில்: பொருநைக்கரை

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஹாரிஸுக்கும் சிறு கட்சிகளுக்கும் வாக்களித்த அத்தனை பேரும் கருக்கலைப்புத் திருத்தத்தை ஆதரித்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தத் தொகை ஏறக்குறைய 41.5 விழுக்காட்டைத் தாண்டாது. எஞ்சிய பத்து விழுக்காடு டிரம்ப் வாக்காளரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதாவது அவருக்கு வாக்களித்தவர்களில் குறைந்தது ஆறில் ஒருவர் அந்தத் திருத்தத்துக்கும் வாக்களித்திருக்கிறார். ஊதிய முன்மொழிவுக்கு இதே கணக்கைப் போட்டால் நான்கில் ஒருவருக்கும் மேல் வருகிறது. எனவே இது ஏதோ ஓரத்தில் இருக்கும் சிலரின் விசித்திரம் அன்று; கணிசமான ஒரு கூட்டத்தின் நிலைப்பாடு.

2024 ஒரு விதிவிலக்கும் அன்று. மிசூரி 1908ஆம் ஆண்டிலேயே மக்கள் தாமாகச் சட்டம் முன்மொழியும் உரிமையை ஏற்ற மாநிலம். இரயில்வே நிறுவனங்களும் பெருவணிகர்களும் சட்டமன்றங்களைக் கைக்குள் வைத்திருந்த காலத்தில், அவற்றைத் தாண்டிச் செல்ல ஒரு வழி வேண்டும் என்று எழுந்த சீர்திருத்த அலையில் பிறந்த உரிமை அது. இன்று ஏறக்குறைய பாதி மாநிலங்களில் ஏதோவொரு வடிவில் அது இருக்கிறது. மிசூரி மக்கள் அதைப் பழங்காலப் பாத்திரமாகப் பரணில் போட்டுவைக்கவில்லை. 2018 ஆகஸ்டில், தொழிற்சங்கச் சந்தாவைக் கட்டாயமாக்குவதைத் தடுக்கச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை மூன்றில் இரு பங்கினர் தூக்கியெறிந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் குறைந்தபட்ச ஊதியத்தை 12 டாலராக உயர்த்தினார்கள். மருத்துவப் பயன்பாட்டுக்குக் கஞ்சாவை அனுமதித்தார்கள். அன்றே ஜனநாயகக் கட்சியின் செனட் உறுப்பினர் கிளேர் மெக்காஸ்கிலைத் தோற்கடித்து ஹாலியை முதன்முறையாக வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். 2020 ஆகஸ்டில், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கும் திருத்தம் 53 விழுக்காட்டுடன் வென்றது. மூன்று மாதங்கள் கழித்து டிரம்ப் அங்கே பெரும் வேறுபாட்டில் வென்றார்.

இனி, கட்சி மட்டும் ஏன் இவ்வளவு இறுகிவிட்டது என்ற கேள்வி. அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்கக் கட்சிகள் இரண்டும் கலவையான கூட்டணிகள். ஜனநாயகக் கட்சிக்குள் தென்மாநிலப் பழமைவாதிகள் இருந்தார்கள். குடியரசுக் கட்சிக்குள் வடகிழக்கின் தாராளவாதிகள் இருந்தார்கள். ஒருவர் கத்தோலிக்கர், தொழிற்சங்க உறுப்பினர், கிராமத்தவர் என்று மூன்று அடையாளங்களைக் கொண்டிருந்தால், அவை அவரை வெவ்வேறு பக்கங்களுக்கு இழுத்தன. இன்று மதப்பற்று, வசிப்பிடம், இனம், கல்வி ஆகிய அனைத்தும் ஒரே திசையில் இழுக்கின்றன. அதனால் எதிர்க்கட்சிக்காரர் என்பவர் கருத்தில் மட்டும் வேறுபட்டவராக இல்லாமல், எல்லாவற்றிலும் அந்நியராகத் தோன்றுகிறார். தம் பிள்ளை மாற்றுக் கட்சியைச் சேர்ந்தவரை மணந்தால் வருந்துவோம் என்று 1960இல் கூறியவர்கள் இரு கட்சியிலும் 5 விழுக்காட்டினர் அளவிலேயே இருந்தார்கள்; 2010இல் அது ஜனநாயகக் கட்சியினரிடையே மூன்றில் ஒரு பங்காகவும், குடியரசுக் கட்சியினரிடையே ஏறக்குறைய பாதியாகவும் ஆகியிருந்தது. சாதி மறுப்புத் திருமணச் செய்திகளை அன்றாடம் படிக்கும் நமக்கு இந்த எண்களின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இதன் விளைவு தேர்தல் முடிவுகளில் தெரிகிறது. 1984இல் ஏறக்குறைய 190 தொகுதிகள் அதிபர் பதவிக்கு ஒரு கட்சியையும் பிரதிநிதிகள் சபைக்கு மற்றொரு கட்சியையும் தேர்ந்தெடுத்தன. 2024இல் அத்தகைய தொகுதிகள் 435இல் 16 மட்டுமே. 2016இல் செனட் தேர்தல் நடந்த எல்லா மாநிலங்களிலும், அதிபர் தேர்தலில் எந்தக் கட்சி வென்றதோ அதே கட்சிதான் செனட் இடத்தையும் வென்றது. கட்சிப் பெயர் இல்லாத ஒரு கேள்வியைச் சீட்டில் அச்சிட்டால்தான் பழைய கலவை மீண்டும் வெளியே வருகிறது என்பது என் கருத்து. ஆளுநர் தேர்தல்களிலும் ஓரளவு அது தென்படுகிறது. டிரம்ப்புக்குப் பெருவாரியாக வாக்களிக்கும் கென்டக்கியில் ஜனநாயகக் கட்சியின் ஆண்டி பெஷியர் 2023இல் மீண்டும் வென்றார். இடதுசாரிச் சாய்வுள்ள வெர்மான்ட்டில் குடியரசுக் கட்சியின் ஃபில் ஸ்காட் தொடர்ந்து வென்றுவருகிறார். சாலையும் பள்ளியும் வெள்ள நிவாரணமும் பேசப்படும் இடத்தில் கட்சி வெறுப்பு சற்றுத் தளர்கிறது.

---

பதில்: நடுவெண்

பொருநைக்கரை அவர்களின் கணக்கோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் அதிலிருந்து பலர் எடுக்கும் முடிவோடு உண்டு. "மக்கள் உள்ளுக்குள் இடதுசாரிகள்தாம், கட்சிதான் அவர்களை ஏமாற்றுகிறது" என்பது ஒரு சாராருக்கு இனிமையான விளக்கம். அதே 2024 நவம்பர் சீட்டில் மிசூரி மக்கள் 7ஆம் திருத்தத்தையும் ஏறக்குறைய 68 விழுக்காட்டுடன் நிறைவேற்றினார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் வாக்களிப்பதைத் தடைசெய்வதும், வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிக்கும் வாக்குமுறையைத் தடைசெய்வதும் அந்த ஒரே திருத்தத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. முதலாவது ஏற்கெனவே அம்மாநிலத்தில் சட்டவிரோதம். இரண்டாவது பலருக்குத் தெரியாத பொருள். இரண்டையும் ஒரே கேள்வியாகக் கட்டிக் கேட்டால் விடை என்னவாகும் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். நேரடி வாக்கெடுப்பும் கேள்வியை எழுதுபவரின் கைத்திறனுக்கு உட்பட்டதே என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

மறுபக்கத்திலும் இதையே காணலாம். 2008இல் பராக் ஒபாமாவுக்கு 61 விழுக்காடு அளித்த கலிபோர்னியா, அன்றே ஒருபாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் 8ஆம் முன்மொழிவை 52 விழுக்காட்டுடன் ஏற்றது. 2020இல் ஜோ பைடனுக்கு 63 விழுக்காடு அளித்துவிட்டு, பல்கலைக்கழகச் சேர்க்கையிலும் அரசுப் பணியிலும் இனத்தைக் கணக்கில் கொள்ள மீண்டும் வழிசெய்யும் 16ஆம் முன்மொழிவை 57 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். அதே சீட்டில் இருந்த 22ஆம் முன்மொழிவு, செயலி வழி ஓட்டுநர்களை ஊழியர்களாகக் கருதாமல் விடுவதற்கானது. அதை வெல்லவைக்க ஊபர், லிஃப்ட், டோர்டேஷ் முதலிய நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கு மேல் செலவிட்டன. பெருவணிகத்தைத் தாண்டிச் செல்வதற்காகத் திறக்கப்பட்ட வழியில் பெருவணிகமே தாராளமாக நடந்துபோனது.

இன்னொன்று, முரண் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பது. டிரம்ப்புக்கும் கருக்கலைப்பு உரிமைக்கும் ஒருசேர வாக்களித்த ஒருவர் தம்மைத் தாமே மறுத்துக்கொண்டார் என்று கூற முடியாது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் டாப்ஸ் வழக்கில் கூட்டரசு அளவிலான உரிமையை நீக்கிய பிறகு, இந்தப் பொருளை மாநிலங்களே முடிவு செய்யட்டும் என்பதுதான் 2024 பிரசாரத்தில் டிரம்ப் எடுத்த நிலைப்பாடு. மாநிலம் முடிவு செய்தது. அவரைப் பிற காரணங்களுக்காகத் தேர்ந்தெடுத்தது. 2022 ஜூனில் 9.1 விழுக்காடு வரை ஏறிய விலைவாசி, 2023 டிசம்பரில் உச்சத்தைத் தொட்ட தென் எல்லை ஊடுருவல் ஆகியவை அந்தப் பிற காரணங்களில் முக்கியமானவை. அரிசோனாவிலும் மொன்டானாவிலும் இதே இணைப்பு நிகழ்ந்தது. தெற்கு டகோடாவிலோ மக்கள் கருக்கலைப்புத் திருத்தத்தைத் தெளிவாகவே மறுத்தார்கள். ஃபுளோரிடாவில் 57 விழுக்காடு ஆதரவு கிடைத்தும், அங்கே 60 விழுக்காடு வேண்டும் என்ற விதியால் அது தோற்றது.

ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பவர் வரி, நீதிபதி நியமனம், எல்லை, வெளியுறவு என்ற முழு மூட்டையையும் நிறுத்துப் பார்க்கிறார். முன்மொழிவுக்கு வாக்களிப்பவர் ஒன்றை மட்டும், அதற்கான செலவு எங்கிருந்து வரும் என்ற கேள்வி இல்லாமல், ஆம் அல்லது இல்லை என்கிறார். இரண்டுமே உண்மையான விருப்பங்கள்தாம். ஒன்றை மெய், மற்றொன்றைப் பொய் என்று தரம் பிரிப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

பொதுக்கருத்து அசையாமல் நிற்பதும் இல்லை. குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும் என்று 2024இல் கேலப் கருத்துக்கணிப்பில் கூறியவர்கள் 55 விழுக்காடு. டிரம்ப் பதவியேற்று, நாடுகடத்தல் நடவடிக்கைகள் முழுவீச்சில் நடந்த 2025இல் அது 30 விழுக்காடாக இறங்கியது. ஆட்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் கருத்து நகர்வது அந்நாட்டில் நெடுங்காலமாகக் காணப்படும் பழக்கம். பைடன் காலத்தில் வலப்புறம் நகர்ந்ததும் இதே விதிப்படிதான்.

---

கீழமாசி வீதி

இருவருக்கும் நன்றி. நடுவெண் கூறும் "முழு மூட்டை" வாதம் எனக்குப் பெரிதும் ஏற்புடையதாக இருக்கிறது. ஆனால் அதிலிருந்தே அடுத்த ஐயம் பிறக்கிறது. மிசூரி மக்கள் ஏற்ற நோய்விடுப்பை அடுத்த ஆண்டே சட்டமன்றம் நீக்கிவிட்டது என்று படித்தேன். 58 விழுக்காட்டினர் வேண்டும் என்று கூறிய ஒன்றை நீக்கிவிட்டு, அதே மக்களிடம் அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்க ஒரு சட்டமன்ற உறுப்பினர் எப்படித் துணிகிறார்? நம் ஊரில் ஒரு இலவசத் திட்டத்தை நிறுத்துவதற்கே ஆளுங்கட்சிகள் பத்து முறை யோசிக்கின்றன.

---

பதில்: ஓசார்க் மலைச்சரிவு

நான் இம்மாநிலத்தின் தென்மேற்கில் வசிப்பவன். என் அண்டை வீட்டார் பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பவர்கள். அவர்களில் சிலர் நோய்விடுப்பையும் ஆதரித்தவர்கள். எனவே இங்கே பேசப்படுவதை ஓரளவு நேரில் அறிவேன்.

நடந்தது இதுதான். அந்த முன்மொழிவு அரசமைப்புத் திருத்தமாக வைக்கப்படவில்லை. சாதாரணச் சட்டமாகவே வைக்கப்பட்டது. சாதாரணச் சட்டமாக்கக் குறைந்த கையொப்பங்கள் போதும். ஆனால் சட்டமன்றம் அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். 2025 மே முதல் நாள் நோய்விடுப்பு நடைமுறைக்கு வந்தது. சட்டமன்றம் அதே மே மாதத்தில் அதை நீக்கும் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் மைக் கீஹோ ஜூலையில் கையெழுத்திட்டார். ஆகஸ்ட் 28 அன்று அந்த உரிமை முடிவுக்கு வந்தது. 15 டாலர் ஊதியம் நிலைத்தது. ஆனால் அதன்பின் ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்தும் ஏற்பாடும் நீக்கப்பட்டது.

நீக்கியவர்களின் வாதத்தையும் நேர்மையாகக் கூற வேண்டும். பத்துப் பேரை வைத்து உணவகம் நடத்துபவருக்கு இது தாங்க முடியாத சுமை, ஊதியத்தையும் விடுப்பையும் முடிவு செய்ய வேண்டியவர்கள் முதலாளியும் தொழிலாளியுமே அன்றி அரசு அன்று என்பது ஒரு வாதம். மாநிலத்துக்கு வெளியேயிருந்து வரும் பணத்தில் கையொப்பம் திரட்டி, செயின்ட் லூயிஸ், கன்சாஸ் சிட்டி ஆகிய இரு மாநகரங்களின் வாக்குகளைக் கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட கவுண்டிகளின் (மாவட்டங்களின்) வாழ்க்கையை மாற்றுகிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது வாதம் எங்கள் பகுதியில் உண்மையான மனக்குறையாகவே ஒலிக்கிறது. அதை வெறும் சாக்கு என்று ஒதுக்க மாட்டேன்.

துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை தொகுதிகளில் இருக்கிறது. மாநிலக் கீழவையில் 163 இடங்களில் 111, மேலவையில் 34இல் 24 குடியரசுக் கட்சியிடம் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவற்றில் நவம்பர் தேர்தல் ஒரு சடங்கு. உண்மையான போட்டி ஆகஸ்டில், கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்வு செய்யும் தேர்தலில் முடிந்துவிடுகிறது. இங்கே யாரும் எந்தக் கட்சியின் சீட்டையும் கேட்டு வாங்கி அதில் வாக்களிக்கலாம். ஆனாலும் ஆகஸ்ட் வெயிலில் வருபவர்கள் குறைவு, வருபவர்கள் தீவிரப் பற்றாளர்கள். நோய்விடுப்பை நீக்கியதற்காக நவம்பரில் தோற்பதைவிட, நீக்காமல் விட்டதற்காக ஆகஸ்டில் தோற்கும் வாய்ப்பே அந்த உறுப்பினருக்கு அதிகம். செயின்ட் லூயிஸ் நகருக்குள் இருக்கும் ஜனநாயகக் கட்சி உறுப்பினருக்கும் இதே நிலைதான். அவருடைய அச்சம் இடப்புறத்திலிருந்து வருகிறது. 2018இல் நியூயார்க்கில் ஜோ க்ராலி என்ற மூத்த தலைவரை அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ் தோற்கடித்ததும், 2022இல் வயோமிங்கில் லிஸ் சேனி தம் கட்சிக்காரராலேயே வீழ்த்தப்பட்டதும் இவ்வகைத் தேர்தல்களில்தான்.

தீர்ப்பைத் திருப்புவது இங்கே புதிதும் அன்று. மெடிக்கெய்ட் விரிவாக்கம் வென்ற பிறகு அதற்கு நிதி ஒதுக்கச் சட்டமன்றம் மறுத்தது. 2021 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. தொகுதி எல்லைகளைக் கட்சிச் சார்பின்றி வரைய 2018இல் 62 விழுக்காட்டினர் ஏற்ற திருத்தத்தை, சட்டமன்றம் 2020இல் வேறு சொற்களில் மீண்டும் மக்கள் முன் வைத்து, 51 விழுக்காட்டுடன் மாற்றியெடுத்தது. இதில் கவனிக்க வேண்டியது, அதையும் மாற்றியவர்கள் மக்களே.

2025 செப்டம்பரில் நடந்த சிறப்புக் கூட்டத்தொடர் இன்னும் ஒரு படி மேலே போனது. காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு மிசூரியில் உள்ள எட்டுத் தொகுதிகளில் ஜனநாயகக் கட்சியிடம் இருப்பவை இரண்டு. அவற்றில் ஒன்றான கன்சாஸ் சிட்டித் தொகுதியை, அந்நகரின் முதல் கறுப்பின மேயராக இருந்து 2005 முதல் காங்கிரஸில் பணியாற்றும் இம்மானுவேல் கிளீவரின் தொகுதியை, உடைத்துச் சுற்றியுள்ள கிராமப்புறங்களோடு சேர்க்கும் வரைபடம் நிறைவேற்றப்பட்டது. புதிய எல்லைக்கோடு, நெடுங்காலமாக அந்நகரில் கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் பிரித்து நின்ற ட்ரூஸ்ட் அவென்யூவை ஒட்டிச் செல்கிறது. எதிர்ப்பாளர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டி, இதையும் மக்கள் வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று டிசம்பரில் மனு அளித்தார்கள்.

---

பதில்: நடுவெண்

ஓசார்க் மலைச்சரிவு அவர்கள் கூறியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இல்லையேல் இந்தக் குற்றம் ஒரு கட்சிக்கு மட்டும் உரியது போலாகிவிடும். இல்லினாய்ஸில் ஜனநாயகக் கட்சி வரைந்த எல்லைகளின் பயனாக 17 இடங்களில் 14 அக்கட்சியிடம் உள்ளன. மேரிலாந்தில் 8இல் 7. உச்ச நீதிமன்றம் 2019இல் ரூச்சோ வழக்கில், கட்சி நோக்கில் எல்லை வரைவதைக் கூட்டரசு நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தபோது, அதன்முன் இருந்த வழக்குகள் இரண்டு. குடியரசுக் கட்சி வரைந்த வட கரோலினாவும், ஜனநாயகக் கட்சி வரைந்த மேரிலாந்தும்.

2025இல் டெக்சாஸ், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் காத்திராமல், குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடங்கள் கூடும் வகையில் வரைபடத்தை மாற்றியது. பதிலுக்குக் கலிபோர்னியா, 2008லும் 2010லும் மக்களே ஏற்படுத்திய சுதந்திர ஆணையத்தின் காங்கிரஸ் வரைபடத்தை 2030 வரை ஒதுக்கிவைக்கும் 50ஆம் முன்மொழிவை நவம்பரில் ஏறக்குறைய 64 விழுக்காட்டுடன் நிறைவேற்றியது. அந்த ஆணையத்துக்காக முன்னர் உழைத்த குடியரசுக் கட்சியின் முன்னாள் ஆளுநர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்னெகர் அதை எதிர்த்தார். இரு கட்சிகளின் செயலையும் கண்டித்தவர்களில் அவர் ஒருவர். ஆனால் எல்லோரும் கட்சிக் கட்டளைக்கு அடிபணிந்தார்கள் என்றும் கூற முடியாது. இந்தியானா மேலவையில் 50 பேரில் 40 பேர் குடியரசுக் கட்சியினர். டிரம்ப் நேரடியாக அழுத்தம் கொடுத்தும், 2025 டிசம்பரில் அங்கே புதிய வரைபடம் 31க்கு 19 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் 21 பேர் அவர் கட்சியினரே.

---

பதில்: பழைய நூலகம்

வரைபடங்களைப் பற்றி மட்டும் பேசினால், யார் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்ற சமூக மாற்றம் மறைந்துவிடும். செனட்டுக்கும் ஆளுநர் பதவிக்கும் தொகுதி எல்லை கிடையாது; ஆனாலும் மிசூரியில் அவை ஒரு கட்சிக்கே போகின்றன. இதே மிசூரி 1904 முதல் 2004 வரை, 1956ஐத் தவிர, ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் வென்றவருக்கே வாக்களித்தது. பில் கிளின்டன் இங்கே இரு முறை வென்றார். 2008இல் ஜான் மெக்கெய்ன் நாலாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் இங்கே வென்றது தொடக்கம். அதன்பின் அதிபர் தேர்தல்களில் மாநிலம் நடுநிலைக்குத் திரும்பவே இல்லை.

இடையில் மாறியது முதன்மையாகக் கல்விவழிப் பிரிவு. தொழிற்சங்கமும் சுரங்கமும் பருத்தி வயலும் இருந்த பகுதிகள் ஜனநாயகக் கட்சியை விட்டு விலகின. பட்டதாரிகள் நிறைந்த புறநகர்களும் பல்கலைக்கழக நகரங்களும் அதனிடம் வந்தன. மேற்கு வர்ஜீனியா 1996இல் கிளின்டனைத் தேர்ந்தெடுத்தது. 2024இல் டிரம்ப்புக்கு ஏறக்குறைய 70 விழுக்காடு அளித்தது. கலிபோர்னியாவில் குடியரசுக் கட்சியின் கோட்டையாக இருந்த ஆரஞ்ச் கவுண்டி 1936க்குப் பின் முதன்முறையாக 2016இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது. டெக்சாஸில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய, ஹிஸ்பானிய மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஸ்டார் கவுண்டி 1892க்குப் பின் முதன்முறையாக 2024இல் குடியரசுக் கட்சி வேட்பாளருக்கு வாக்களித்தது. இனத்தை வைத்து மட்டும் அமெரிக்க அரசியலைக் கணித்தவர்கள் இந்த ஒரு கவுண்டியின் முடிவைக் கண்டு திகைத்தார்கள்.

சமயத்திலும் பெரிய நகர்வு. கிறித்தவர் என்று தம்மைக் கூறிக்கொள்பவர்கள் பியூ ஆய்வின்படி 2007இல் 78 விழுக்காடு, 2023-24இல் 62. எம்மதத்தையும் சாராதவர்கள் 16இலிருந்து 29 ஆனார்கள். கருக்கலைப்பு வாக்கெடுப்புகளின் முடிவுகளை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். தேவாலயத்துக்குச் செல்லாத, ஆனால் நகரத்துப் படிப்பாளிகளை நம்பாத ஒரு வாக்காளர் கூட்டம் உருவாகியிருக்கிறது. அவர்களுடைய சீட்டில்தான் டிரம்ப், கஞ்சா, ஊதிய உயர்வு, கருக்கலைப்பு உரிமை ஆகிய நான்குக்கும் ஒருசேர இடம் இருக்கிறது. இரண்டு கட்சிகளில் எதுவும் அவர்களுக்கென்று தைத்த சட்டையை விற்கவில்லை.

---

கீழமாசி வீதி

பழைய நூலகம் அவர்களின் கடைசிப் பத்தி என் முதல் ஐயத்தைப் பெரும்பகுதி தீர்த்துவிட்டது. ஒரே ஒரு விளக்கம் மட்டும் வேண்டும். முன்மொழிவுகளுக்கான விதியையே மாற்றப் போகிறார்கள் என்று ஒரு செய்தியில் கண்டேன். அது என்ன?

---

பதில்: ஓசார்க் மலைச்சரிவு

அதுவும் அந்தச் செப்டம்பர் கூட்டத்தொடரில் நிறைவேறியதே. இதுவரை, கையொப்பம் திரட்டி மக்கள் கொண்டுவரும் அரசமைப்புத் திருத்தத்துக்கு மாநில அளவில் சாதாரணப் பெரும்பான்மை போதும். இனிமேல் எட்டுக் காங்கிரஸ் தொகுதிகள் ஒவ்வொன்றிலும் தனித்தனியே பெரும்பான்மை வேண்டும் என்பது, மக்கள் ஏற்றால் நடைமுறைக்கு வரும் புதிய ஏற்பாடு. ஏழு தொகுதிகள் ஏற்று ஒன்று மறுத்தாலும் திருத்தம் தோற்கும். தொகுதிகள் ஏறக்குறைய சம மக்கள்தொகை கொண்டவை என்பதால், கணக்குப்படி பதினாறில் ஒரு பங்கு வாக்காளர் எதிர்த்தாலே, அவர்கள் ஒரே தொகுதியில் இருந்தால், போதும். எல்லை வரையும் அதிகாரமும் இந்த விதியும் ஒரே கையில் சேர்வதுதான் எதிர்ப்பாளர்களின் கவலை.

ஆதரிப்பவர்கள், அரசமைப்பைத் திருத்துவது கடினமாகத்தான் இருக்க வேண்டும், அமெரிக்க அரசமைப்பைத் திருத்தவே நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் ஒப்புதல் வேண்டுமே என்று வாதிடுகிறார்கள்; கிராமப்புறத்தின் இசைவும் இன்றியமையாதது என்கிறார்கள். ஓஹியோவில் இதே நோக்கத்தோடு 60 விழுக்காடு வேண்டும் என்ற விதியை 2023 ஆகஸ்டில் மக்கள் முன் வைத்தபோது, 57 விழுக்காட்டினர் அதை மறுத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

மிசூரியின் புதிய விதி மக்கள் கொண்டுவரும் திருத்தங்களுக்கு மட்டுமே பொருந்தும். சட்டமன்றம் அனுப்பும் திருத்தங்களுக்குப் பழைய சாதாரணப் பெரும்பான்மையே தொடரும். 2024இல் நிறைவேறிய கருக்கலைப்புத் திருத்தத்தை நீக்கும் முன்மொழிவும் சட்டமன்றம் அனுப்பியதுதான். அதுவும் 2026இல் வாக்கெடுப்புக்கு வருகிறது. எட்டுத் தொகுதி விதியும் 2026இல் மக்கள் முன் வைக்கப்படுகிறது. அது நிறைவேற மாநில அளவில் சாதாரணப் பெரும்பான்மை போதும்.